நாணமும் மானமும்: வேதாகமத்திலிருந்து தோள்சீலை வரை



சென்ற ஆண்டு உயர்தர வகுப்பொன்றிலே திருக்குறளின் நாணுடைமை அதிகாரத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நான் கடமையாற்றுவது ஓர் இந்துக் கல்லூரியில். எனினும் அவ்வகுப்பிலே கிறிஸ்தவப் பிள்ளைகள் சிலரும் இருந்தனர். பாடம் முடியும் தறுவாயில் அவர்களுள் ஒரு மாணவி எழுந்து நின்றாள்.

"சேர், எங்கடை வேதப் புத்தகத்திலையும் நாணம் எண்ட சொல் வருகுது. போன ஞாயிறு கோயிலிலை அதை வாசிச்சு, பொம்பிளைப் பிள்ளையள் எப்பிடி உடுக்கவேணும் எண்டு சொன்னவை. வள்ளுவர் சொல்லுற நாணமும் அந்த நாணமும் ஒண்டோ?"

"அடுத்த பாடத்திலை சொல்லுறன், பிள்ளை" என்று கூறி அமர்த்திவிட்டேன். ஆனால் அந்த விடையைத் தேட எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. நான் கிறிஸ்தவன் அல்லன். இறையியல் கற்றவனும் அல்லன். தமிழாசிரியன் ஒருவன் சொற்களின் தடம் பற்றிச் சென்று கண்டவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சொல் வந்த வழி

நாணம் என்பது தமிழிலே பழஞ்சொல். உயிரினும் நாணம் சிறந்தது, நாணத்தினும் கற்புச் சிறந்தது என்ற கருத்தைத் தொல்காப்பியர் களவியலிலே தலைவியை முன்வைத்துக் கூறுகின்றார். அங்கே நாணம் பெண்ணுக்கு உரியதாக நிற்கின்றது. வள்ளுவரோ வேறொரு வழியிற் செல்கின்றார். நாணுடைமையை அவர் காமத்துப்பாலில் வைக்கவில்லை; பொருட்பாலிலே குடியியலில், 102 ஆவது அதிகாரமாக வைத்தார். தகாத செயலைச் செய்யக் கூசுவதே தாம் பேசும் நாணம் என்றும், பெண்களுக்கு இயல்பாகச் சொல்லப்படும் நாணம் வேறு என்றும் முதற் குறளிலேயே பிரித்துக் காட்டிவிடுகின்றார். அதே குடியியலில், 97 ஆவது அதிகாரமாக, மானம் நிற்கின்றது. இவ்விரு அதிகாரங்களும் ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவானவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி, இச்சொல் தமிழ் வேதாகமத்துள் நுழைந்த வரலாற்றைப் பார்ப்போம். சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. நம் நாட்டிலே ஒல்லாந்தர் காலத்திற் பிலிப்பு த மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759 இற் கொழும்பிலே வெளிவந்தது. பின்னர் பப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்புத் தமிழ்ச் சபைகளில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியார் தலைமையில் உருவாகி 1850 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் ஆறுமுக நாவலரின் கைவண்ணம் கலந்திருந்தமையை நேயர்கள் அறிவீர்கள். 1871 இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் திருத்தம் வெளியாயிற்று. பெரும்பாலான புரட்டஸ்தாந்துச் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவது அவ்வழி வந்ததே.

சைவத்தின் காவலரென்று நாம் போற்றும் நாவலர் பெருமான் விவிலியத்துக்குத் தமிழ்ச் சொல் தேடினார் என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. மொழிபெயர்ப்பாளர் எவராயினும் வெறுஞ் சொல்லை எடுத்துவிட முடியாது. நாணம், தீட்டு, சுத்தம், கற்பு ஆகிய சொற்களை அவர்கள் எடுத்தபோது, அவற்றோடு நமது வீட்டு முற்றங்களும், கிணற்றடிகளும், படலைகளும் கூடவே வேதத்துள் நுழைந்துவிட்டன.

துடக்கும் உள்ளத் தூய்மையும்

பழைய ஏற்பாட்டின் மூன்றாவது நூல் லேவியராகமம். அதன் 11 ஆம் அதிகாரம் முதல் 15 ஆம் அதிகாரம் வரை தூயன எவை, தீட்டானவை எவை என்ற நீண்ட விதிகள் உள்ளன. உண்ணத்தகும் விலங்குகள், பிள்ளைப்பேறு, தோல் நோய், மாதவிலக்கு எல்லாம் அங்கே பேசப்படுகின்றன. ஆண் குழந்தை பெற்ற தாய் 7 நாளும் அதன்மேல் 33 நாளும், பெண் குழந்தை பெற்றவள் 14 நாளும் அதன்மேல் 66 நாளும் காத்திருத்தல் வேண்டும். யாழ்ப்பாணத்திலே 31 ஆம் நாள் துடக்குக் கழிக்கும் நமக்கு இது அந்நியமான உலகமன்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீட்டு வேறு, பாவம் வேறு. பிள்ளை பெறுவது பாவமன்று. இறந்தவரை அடக்கஞ் செய்வது கடமை. எனினும் அவை தீட்டை உண்டாக்கின. நீராடி, குறித்த நாள் கழித்து, பலி செலுத்தினால் அது நீங்கும். பிள்ளை பெற்றவள் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுக்க வேண்டும். இயலாதவள் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொடுத்தாற் போதும். இயேசுவின் தாய் மரியாளின் சுத்திகரிப்பைக் கூறுமிடத்தில், லூக்கா நற்செய்தி குறிப்பிடுவது அந்தப் பறவைகளைத்தான். ஆடு கொடுக்க வசதியற்ற வீட்டிலே அவர் பிறந்தார் என்பதை அந்த ஒரு செய்தியே உணர்த்திவிடுகின்றது.

விதி அளவிலே தீட்டு ஒரு நிலைமட்டுமே. நடைமுறையில் அது மனிதரைப் பிரிக்கும் வேலியாயிற்று. தோல் நோயாளி ஊருக்கு வெளியே வாழ வேண்டும். தான் தீட்டானவன் என்று தானே கூவ வேண்டும். இந்த வேலியை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர்களும் எபிரேயர்களே. கைகளில் இரத்தக் கறையிருக்கப் பலியினால் என்ன பயன் என்று ஏசாயா தீர்க்கதரிசி கேட்டார். தூய இருதயத்தைத் தரும்படி சங்கீதக்காரர் இறைஞ்சினார். எனவே இயேசு பேசியது முற்றிலும் புதிதன்று. அந்தப் பழைய குரலை அவர் தெருவுக்குக் கொண்டுவந்தார் எனலாம்.

மாற்கு நற்செய்தியின் 7 ஆம் அதிகாரத்திலே, கைகழுவாமல் உண்ட சீடர்களைப் பரிசேயர் குறைகூறுகின்றனர். உள்ளே போகும் உணவு மனிதனைத் தீட்டுப்படுத்தாது. உள்ளத்திலிருந்து வெளியே வரும் களவும் கொலையும் பேராசையும் வஞ்சகமுமே தீட்டுப்படுத்தும் என்பது அவர் அளித்த மறுமொழியின் சாரம். உடம்பின் தூய்மைக்கு நீர் உண்டு, உள்ளத்தின் தூய்மை வாய்மையாலேயே காணப்படும் என்று வள்ளுவர் சொன்னதை இவ்விடத்தில் நினையாதிருக்க ஒரு தமிழாசிரியனால் முடியுமா?

அதே நற்செய்தியின் 5 ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகின்றாள். பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கினால் வருந்தியவள். கைப்பொருளெல்லாம் வைத்தியருக்குக் கொடுத்துத் தோற்றவள். விதிப்படி அவள் தொட்டது எல்லாம் தீட்டு. அவள் கூட்டத்துக்குள் மறைந்து, பின்புறமாக வந்து, இயேசுவின் ஆடையைத் தொடுகின்றாள். கணக்கின்படி தீட்டு அவளிடமிருந்து அவருக்குப் போயிருக்க வேண்டும். கதையிலோ நலம் அவரிடமிருந்து அவளுக்குப் போகின்றது. அதோடு அவர் நின்றுவிடவில்லை. தொட்டது யார் என்று கேட்டு, நடுங்கிக்கொண்டு வந்தவளை ஊரறிய மகளே என்று அழைக்கின்றார். ஒளிந்து வாழ்ந்தவளுக்கு முகங்கொடுத்த அழைப்பு அது.

மலைப்பொழிவிலும் இவ்வாறே. ஒரு பெண்ணை இச்சையோடு நோக்குகிறவன் உள்ளத்தால் விபசாரம் செய்தவன் என்கிறார் இயேசு. அங்கே பெண்ணைப் பார்த்து முக்காடு இடு என்று ஒரு வார்த்தையும் இல்லை. பொறுப்பு முழுவதும் பார்க்கிறவனின் கண்மேல் வைக்கப்பட்டுள்ளது.

பொன்னும் முத்தும்

அப்படியானால் மாணவி கேட்ட நாணம் எங்கே வருகின்றது? பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயுவுக்கான முதலாம் நிருபத்தின் 2 ஆம் அதிகாரத்தில் அது வருகின்றது. பின்னிய கூந்தல், பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை ஆகியவற்றால் அன்றி, தகுதியான உடையாலும் நாணத்தாலும் தெளிந்த புத்தியாலும் நற்செயல்களாலும் பெண்கள் தம்மை அணிசெய்யட்டும் என்பது அதன் கருத்து. பேதுருவின் முதலாம் நிருபமும் ஏறத்தாழ இதையே சொல்கின்றது.

இந்தப் பட்டியலைச் சற்று நிதானமாகப் பாருங்கள். விலக்கப்பட்டவை எவை? பொன், முத்து, விலையுயர்ந்த துணி. கழுத்தின் ஆழமோ கையின் நீளமோ பற்றி அங்கே ஒன்றும் இல்லை. உரோமைப் பேரரசிலே பொன்னிழை கோத்துக் கூந்தல் பின்னிக்கொள்ளப் பணிப்பெண்கள் வேண்டும், அடிமைகள் வேண்டும். லொல்லியா பவுலினா என்ற சீமாட்டி சாதாரணமானதொரு நிச்சயதார்த்த விருந்துக்கே 4 கோடி செஸ்டர்ஸ் மதிப்புள்ள மரகதமும் முத்தும் அணிந்து வந்ததைத் தாம் கண்டதாக மூத்த பிளினி எழுதுகின்றார். கேட்பவருக்குக் காட்ட விலைச்சீட்டுக்களையும் அவள் ஆயத்தமாக வைத்திருந்தாளாம்.

அந்த முத்துக்களைப் பற்றி நமக்கும் சொல்வதற்கு ஒரு செய்தி உண்டு. உரோமருக்கு முத்து அனுப்பிய கடல்களுள் மன்னார்க் குடாவும் ஒன்று. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங்கடற் பயண நூல், கொற்கைப் பகுதியிலே தண்டனை பெற்ற கைதிகளைக்கொண்டு முத்துக் குளித்ததாகக் குறிப்பிடுகின்றது. நிருபம் எச்சரித்த முத்துக்களிலே எமது கடலில் மூச்சடக்கி மூழ்கியவர் எடுத்தவையும் இருந்திருக்கலாம்.

ஆகவே அந்நாணம் முதலிலே இருப்பவரை நோக்கிச் சொல்லப்பட்டது. இல்லாதவர் அருகிலிருக்கும் சபையிலே, இருப்பவர் தம் செல்வத்தை உடம்பிலே சுமந்து காட்டக் கூச வேண்டும் என்பதே அதன் உட்கிடக்கை. யாக்கோபின் நிருபம் இதனை இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றது. பொன் மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும், கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டுகின்ற சபையை அது கடிந்துகொள்கின்றது. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபமும், சிலர் உண்டு களிக்கச் சிலர் பட்டினியிருந்த விருந்தைச் சுட்டி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்ற பொருளிலே கேட்கின்றது.

கிரேக்க மூலத்தில் நாணத்துக்கு நின்ற சொல் அயிதோஸ். ஹோமரின் காப்பியத்திலே போரிற் பின்வாங்கும் வீரர்களைத் தடுத்து நிறுத்த எழுப்பப்படும் குரல் அது. தெளிந்த புத்தி என்று தமிழாக்கப்பட்ட சொல்லோ பிளேட்டோ கூறும் நான்கு பெருங்குணங்களுள் ஒன்றாகிய தன்னடக்கம். இரண்டுமே ஆண்களுக்கும் உரியவை. தமிழிலே நாணம் என்று வந்தபோது அது தொல்காப்பியர் சொன்ன தலைவியின் நாணமாகவே நம் செவியில் விழுந்தது. வள்ளுவரின் நாணமாக விழவில்லை.

நேர்மையாக மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே நிருபத்தின் அடுத்த வரிகள் பெண்கள் அமைதியாகக் கற்க வேண்டும், உபதேசிக்கக்கூடாது என்கின்றன. கொரிந்தியருக்கான நிருபத்தின் 11 ஆம் அதிகாரம் செபிக்கும் பெண்கள் தலையை மூடவேண்டும் என்கின்றது. இவற்றைப் பிற்காலத்தார் பற்றிக்கொண்டனர். கி.பி. 200 அளவிலே கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் பெண்களின் அணிகலன் பற்றியும் கன்னியரின் முக்காடு பற்றியும் தனி நூல்களே எழுதினார். ஏவாளின் பழியைப் பெண்குலம் முழுவதன் தலையிலும் அவர் சுமத்தினார். பொன்னையும் முத்தையும் குறித்த நாணம் மெல்ல மெல்லப் பெண்ணுடல் குறித்த நாணமாயிற்று. இருப்பவரை நோக்கிய அறிவுரை, எளியவர்மேல் இறங்கிய கட்டளையாயிற்று.

தென் திருவிதாங்கூரில்

இந்த நாணம் தமிழ் மண்ணுக்கு வந்தபோது நிகழ்ந்ததுதான் வரலாற்றின் விந்தை. இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடு, பின்னர் அதனை உள்ளடக்கிய மாநிலத்தோடு இருந்தது. 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உடை என்பது வெயிலுக்கும் குளிருக்குமானதன்று, நாணத்துக்கானதும் அன்று. அது வரிசைக்கானது.

மேல் வரிசையார் முன்னிலையில் மேலாடையை அகற்றுதல் மரியாதை. நாயர் பெண்கள் நம்பூதிரியர் முன்பும், எல்லோரும் தெய்வத்தின் முன்பும் மன்னர் முன்பும் அவ்வாறு நின்றனர். வரிசையின் கீழே போகப் போக அது எப்போதைக்குமான விதியாயிற்று. பனைத்தொழிலை நம்பி வாழ்ந்த நாடார் பெண்களும், அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட பெண்களும் இடுப்புக்கு மேலே துணி போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது, பொன் நகை கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது. தீட்டுக்கும் அங்கே அளவுகோல் இருந்தது. ஈழவர் நம்பூதிரியிடமிருந்து 36 காலடியும் புலையர் 96 காலடியும் விலகி நிற்க வேண்டுமென அக்காலத்துப் பதிவுகள் கூறுகின்றன. லேவியராகமத்தின் தீட்டு நீராடினால் நீங்கும். இந்தத் தீட்டு எந்த நீரிலும் நீங்காது.

1806 இலே ஜெர்மானியரான ரிங்கல்தௌபே என்ற பாதிரியார் இலண்டன் மிஷன் சார்பாக மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் மீட், மால்ட் முதலிய பாதிரிமார் நாகர்கோவிலை நிலைக்களமாக்கினர். அவர்தம் மனைவியர் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தினர். தங்களுடைய நாட்டு வழக்கத்தை நன்கு பழகிய அப்பெண்மணிகளுக்கு மேலாடையின்றி ஆலயத்துக்கு வரும் பெண்களைக் காண்பது பெருங்கூச்சம். அவர்கள் குப்பாயம் என்ற தளர்ந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தனர். கர்னல் மன்றோ பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்த காலத்தில், 1814 இல், அரச சுற்றறிக்கை ஒன்று வெளியாயிற்று. சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளைப் பெண்களும் அணிவது போன்ற சட்டையைக் கிறிஸ்தவ நாடார் பெண்கள் அணியலாம். நாயர் பெண்கள் போடும் மேற்சீலையை மட்டும் போடக்கூடாது.

நாணத்தை மறைக்கவே வேண்டுமென்றால் குப்பாயமே போதும். மிஷன் பெருமாட்டிகளும் அவ்வாறே எண்ணினர். ஆனால் அந்தப் பெண்களுக்கு அது போதவில்லை. குப்பாயத்தின் மேலே, தோளைச் சுற்றி, மேல் வரிசைப் பெண்களைப் போலவே சீலையையும் போட்டனர். அவர்கள் கேட்டது உடம்பை மூடும் துணியை மட்டுமன்று. மற்றவரைப் போல நிமிர்ந்து நடக்கும் உரிமையை. வேதம் நாணத்தைக் கொடுத்தது. அவர்கள் அதை மானமாக மாற்றிக்கொண்டார்கள்.

அதன் விலை கொடியது. 1822, 1823 ஆம் ஆண்டுகளிலே சந்தைகளிலும் தெருக்களிலும் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1827 முதல் 1829 வரையான கலகத்தில் சிற்றாலயங்களும் பள்ளிக்கூடங்களும் எரிக்கப்பட்டன. 1829 பெப்ரவரி 3 ஆம் திகதிய அரச பிரகடனம் மேற்சீலை கூடாதென்ற பழைய விதியையே மீண்டும் வலியுறுத்திற்று.

இடைப்பட்ட ஆண்டுகளிலே நாகர்கோவில் விடுதிப் பள்ளியில் மார்த்தா மால்ட் அம்மையார் தொடக்கிய பின்னல்வேலை வளர்ந்தது. அதிற் கிடைத்த கூலியைக்கொண்டு தம்மை அடிமைத் தளையினின்றும் மீட்டுக்கொண்ட பெண்களும் உண்டு என மிஷன் குறிப்புக்கள் சொல்கின்றன. சீமையிலே செல்வச் சீமாட்டிகளின் உடைக்கு அழகு செய்தது அந்த மெல்லிய பின்னல். அதைப் பின்னிய கைகளுக்கு ஒரு முரட்டுத் துணியைத் தோளிற் போட உரிமையில்லை. பொன்னும் முத்தும் பற்றி நிருபம் சொன்னதை இவ்விடத்தில் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

1855 இலே திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1858 நவம்பர் முதலாம் திகதி விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வெளியாயிற்று. உரிமை வந்துவிட்டதென ஒரு சாராரும், பழைய வழக்கத்தில் அரசு இனித் தலையிடாதென மறுசாராரும் அதற்குப் பொருள்கொண்டனர். மீண்டும் கலகம் மூண்டது. சென்னை ஆளுநர் திரெவெலியன் கடுமையாகத் தலையிட்டார். மாதவராவ் திவானாக இருந்த வேளையில், 1859 ஜூலை 26 ஆம் திகதி, உத்திரம் திருநாள் மகாராசா புதிய பிரகடனத்தை வெளியிட்டார். நாடார் பெண்கள் எம்மதத்தவராயினும் குப்பாயம் அணியலாம். முக்குவர் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் மேல் வரிசைப் பெண்களைப் போல மட்டும் அணியக்கூடாது! 45 ஆண்டுகள் போராடியபின் கிடைத்த பிரகடனத்திலும் அந்த ஒரு வேலி எஞ்சி நின்றது. எனினும் மதம் மாறாத பெண்களுக்கும் அது கிட்டியது என்பது முக்கியமானது.

இதனைக் கிறிஸ்தவத்தின் தனிக் கொடையாகக் கூறிவிடுதல் பொருந்தாது. அதே மண்ணிலே, அதே மக்களிடையே, அய்யா வைகுண்டர் தோன்றினார். 1809 முதல் 1851 வரை வாழ்ந்த அவர், தம்மைப் பின்பற்றிய ஆண்கள் தலைப்பாகை கட்டியே வழிபட வேண்டும் என்றார். தலைப்பாகையும் அன்று மறுக்கப்பட்ட உரிமைதான். அவருடைய பதிகளில் நிலைக்கண்ணாடி ஒன்று வழிபாட்டிடத்தில் வைக்கப்பட்டிருக்கும். தொழச் செல்பவர் காண்பது தம்மையே. தாழ்ந்து போ என்று சொல்லப்பட்ட மனிதரைத் தம் முகத்தை நிமிர்ந்து பார்க்கச் செய்த வழிபாடு அது.

மறுபுறத்தில் கிறிஸ்தவ சபையும் தூயதாக நிற்கவில்லை. நெடுங்காலமாகக் கிறிஸ்தவர்களாக இருந்த சிரியன் சபையார் தீட்டுத் தூரத்தைத் தாமும் கைக்கொண்டனர். தமிழ்ச் சபைகளிலே சாதிக்கொரு பக்கம் அமர்வதும், ஒரே பாத்திரத்திற் பருக மறுப்பதும் இருந்தன. 1833 இலே டானியல் வில்சன் ஆயர், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே கைவிட வேண்டும் என்று கட்டளையிட நேர்ந்தமையே இதற்குச் சான்று. கட்டளைக்குப் பணியாமற் சபையை விட்டுப் போனோரும் உண்டு. கை கழுவுவதல்ல, உள்ளத்தைக் கழுவுவதே தூய்மை என்ற 7 ஆம் அதிகாரம் அவர்களுடைய ஆலயத்திலும் வாசிக்கப்பட்டுத்தானே இருக்கும்?

எங்கள் முற்றத்தில்

நேயர்களே, திருவிதாங்கூரைப் பற்றிப் பேசிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட எனக்கு மனமில்லை. ஏனெனில் இக்கதை எங்கள் வீட்டு முற்றத்திலும் நடந்தது. யாழ்ப்பாணத்திலும் சில சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது, நகை அணியக்கூடாது என்ற கட்டுப்பாடு கடந்த நூற்றாண்டின் முற்பகுதிவரை பல ஊர்களில் இருந்தது.

என் அம்மம்மா 1920 களிலே பிறந்தவர். நான் பல்கலைக்கழகத்திற் படித்த காலத்தில் ஒருநாள், மாலை விளக்கேற்றிய பின்பு, தாமாகவே இதைச் சொன்னார். அவருடைய சிறுவயதில் நெல்லுக் குத்த ஒரு பெண் வருவாளாம். படலையடியில் வந்ததும் தோளிற் கிடக்கும் துணியை எடுத்து இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவாளாம். ஒருநாள் தன் மகளையும் கூட்டி வந்தாள். அந்தப் பிள்ளை மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தவள், சட்டை போட்டிருந்தாள். அம்மம்மாவின் தாயார் திண்ணையில் இருந்தபடியே, "சட்டையைக் கழட்டிப்போட்டு உள்ளை வரச்சொல்லு" என்றாராம்.

பிள்ளை கழற்றவில்லை. உள்ளே வரவும் இல்லை. படலைக்கு வெளியே, வெயிலிலே, தாய் நெல்லுக் குத்தி முடிக்கும்வரை நின்றாள்.

"அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, மோனை. நான் சட்டையோடை குந்திலை இருந்து பாத்துக்கொண்டிருந்தனான். செம்பிலை தண்ணி கொண்டுபோய்க் குடுக்கவேணும்போலை கிடந்தது. குடுக்கேல்லை" என்றார் அம்மம்மா. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "ஏன் குடுக்கேல்லை எண்டு இப்பவும் யோசிக்கிறனான்" என்றார்.

என் பூட்டியார் தெய்வபக்தி மிக்கவர். நாள் தவறாமல் நீராடி, நீறணிந்து, துடக்கு ஆசாரம் எல்லாம் வழுவாது காத்தவர். தாம் செய்தது தகாத செயல் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வள்ளுவர் சொன்ன நாணம் அவரிடமில்லை. வெயிலில் நின்ற அந்தப் பிள்ளையிடம் வள்ளுவர் சொன்ன மானம் இருந்தது. அம்மம்மாவிடம் அந்நாணம் எழுபது ஆண்டுகள் கழித்தாவது வந்தது. அதையும் நான் ஒரு பேறாகவே கருதுகின்றேன்.

நாணம் நல்ல சொல். தூய்மையும் நல்ல சொல். அவற்றை யார் யாருக்குச் சொல்கிறார் என்பதிலே அவற்றின் பொருள் மாறிவிடுகின்றது. ஒருவர் தம் உள்ளத்தை நோக்கிச் சொல்லும்போது அது அறம். உள்ளவர் இல்லாதவரை நினைந்து தமக்குத் தாமே சொல்லும்போது அது அன்பு. வலியவர் எளியவரை நோக்கிச் சொல்லும்போதோ, அது மூடு என்றாலும் திறந்துவிடு என்றாலும், விலங்குதான். திருவிதாங்கூரிலே திற என்றார்கள். வேறிடங்களிலே மூடு என்றார்கள். உடுப்பவளை ஒருவரும் கேட்கவில்லை.

மாணவிக்கு நான் சொன்ன விடையும் இதுதான். சில மாதங்கள் பிந்தித்தான் சொன்னேன். இரண்டு நாணமும் ஒன்றல்ல, பிள்ளை. ஆனால் இரண்டும் சந்திக்கிற இடம் ஒன்று உண்டு என்றேன். தீமோத்தேயுவின் பட்டியலை எடுத்துக் காட்டி, பொன்னையும் முத்தையும் விளக்கினேன். மலைப்பொழிவிலே கண்ணைப்பற்றிச் சொன்னதையும் வாசிக்கச் சொன்னேன்.

அவள் சிறிது யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப இதைக் கோயிலிலை பெடியளுக்கும், நகை போட்டுக்கொண்டு முன்வாங்கிலை இருக்கிற ஆக்களுக்கும் எல்லோ, சேர், வாசிக்கவேணும்?"

வகுப்புச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் கோயில் வீதியிலும் அதை ஒருமுறை வாசித்தால் நல்லது என்று எண்ணிக்கொண்டேன்.